ஒன்பது நிமிடம் குறைவு

எங்கள் மைதானத்தில் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மீன் மணக்கும். கம்பங்களில் கட்டுகிற வலை கடையில் வாங்கியதல்ல. சல்லிக் கிராமத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பம், இனிப் பொத்தியும் பயனில்லை என்று ஒதுக்கிய கரைவலைத் துண்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கொடுக்கும். அதனால் அந்த வீட்டு ஆட்களிடம் வாசலில் டிக்கெட் கேட்க மாட்டார்கள். பந்து வேகமாகப் போய் வலையில் அடித்தால் காய்ந்த செதில்கள் வெயிலில் பறக்கும். இன்றைக்கும் தொலைக்காட்சியில் யாராவது கோல் போட்டால் என் மூக்கு முதலில் அந்த மணத்தைத் தேடுகிறது. இதைச் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த மனிதருக்கு வேறென்ன தெரியும்.

போட்டி நாட்களில் மைதானத்தின் மூன்று பக்கமும் தென்னோலைக் கிடுகு கட்டி மறைப்பார்கள். நாலாவது பக்கம் கடல். கடலுக்கும் மைதானத்துக்கும் இடையில் இடுப்பளவு மதில் ஒன்று, அதுவும் இரண்டு இடத்தில் இடிந்தது. மதிலில் குந்தியிருப்பவர்கள் பாதிப் போட்டியையும் பாதிக் கடலையும் பார்ப்பார்கள். மற்றவர்கள் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி அதன் பாரில் இருப்பார்கள். கச்சான் கடலை விற்கிறவரும் ஐஸ்பழம் விற்கிறவரும் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே நடந்து திரிவார்கள். ஊரில் அலைகிற மான்கள் யாரிடமும் டிக்கெட் எடுக்காமல் உள்ளே வந்து, நடுவட்டத்தில் போட்ட சுண்ணாம்பை நக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அவற்றை எழுப்பிக் கலைத்த பிறகுதான் ஆட்டம்.

பழையதைப் போல வருமா என்று புலம்புகிற ஆள் நானல்ல. பழைய மைதானத்தில் மலசலகூடம் இல்லை, நிழல் இல்லை, தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது, அதில் காற்றுத்தான் வரும். போன மாதம் மகனைக் கூட்டிக்கொண்டு புது விளையாட்டரங்குக்குப் போனேன். இரும்புக் கதிரைகள், உயரத்தில் விளக்குகள், சிவப்பு எழுத்தில் நேரம் ஓடுகிற பெரிய பலகை. நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒருவர் எல்லைக்கோட்டில் நின்று ஓர் எண்ணை உயர்த்திக் காட்டினார். அது என்ன என்று மகன் கேட்டான். ஆட்டம் நின்றுபோன நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். சொல்லி முடித்த கையோடு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

என் அப்பா அந்தப் பழைய மைதானத்தின் மத்தியஸ்தர். வேலை துறைமுகத்தில். தொழிலாளர்கள் வருகிற நேரமும் போகிற நேரமும் பதிவது அவர் பொறுப்பு. காலையில் இரண்டு நிமிடம் பிந்தி வந்த சொந்தத் தமையனுக்கே இரண்டு நிமிடம் பிந்தியதாக எழுதிய மனிதர். பெரியப்பா அந்தக் கோபத்திலேயே கட்டாருக்குப் போனார் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. மைதானத்திலும் அப்பா அப்படித்தான். பந்து மதிலைத் தாண்டிக் கடலில் விழுந்தால், இருப்பது ஒரே ஒரு நல்ல பந்து என்பதால், யாராவது நீந்திப் போய்த்தான் எடுத்து வர வேண்டும். அதுவரை அப்பா தன் மணிக்கூட்டை நிறுத்தி வைத்திருப்பார். ஆட்டம் முடிகிற நேரத்தில் அந்த நிமிடங்கள் அத்தனையையும் சேர்த்து விளையாட விடுவார். பொழுது பட்டுப் பந்து தெரியாமல் போனாலும் விடமாட்டார். ஊர் முணுமுணுக்கும். ஆனால் வெளியூர்க்காரர் யாராவது குறை சொன்னால், எங்கட றெபறியின்ர நேரம் வானொலியின்ர நேரம் மாதிரி என்று சண்டைக்குப் போவார்கள்.

கட்டாருக்குப் போன பெரியப்பா கோபம் தணிந்து, எனக்குப் பத்து வயதானபோது ஒரு மணிக்கூடு அனுப்பினார். நிறுத்தவும் மறுபடி ஓட விடவும் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அன்றிலிருந்து நான் அப்பாவின் இரண்டாவது நேரக்கணிப்பாளர். மேசையோரமாக உட்கார்ந்து, பந்து கடலுக்குப் போனால் பொத்தானை அழுத்துவேன், வந்தால் அழுத்துவேன், நின்ற நேரத்தை ஒரு கொப்பியில் எழுதுவேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா கொப்பியை வாங்கித் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் துறைமுகத்துச் சிவப்புப் பேனையால் ஒரு சரி போடுவார். பள்ளிக்கூடத்தில் வாங்கிய எந்தச் சரியும் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. பெண்பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிப் போவதா என்று அயலில் கேட்டார்கள். அவள் பார்க்கப் போகவில்லை, வேலைக்குப் போகிறாள் என்று அப்பா சொன்னார். அதைக் கேட்ட நாளில் இரண்டு சாண் வளர்ந்துவிட்டேன்.

சமாதானம் என்று எல்லோரும் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. பல வருடத்துக்குப் பிறகு அக்கரையிலிருந்து ஓர் அணி எங்கள் மைதானத்துக்கு விளையாட வருவதாகச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்கரை என்றால் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம். மூதூர், சம்பூர், கிளிவெட்டி என்று பல இடத்துப் பொடியன்மார் சேர்ந்த அணி. அவர்கள் வருவதும் போவதும் லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில். கடைசி லோஞ்ச் ஐந்து மணிக்கு. அதற்குப் பிறகு குடாவில் எதையும் ஓட விட மாட்டார்கள். ஆகவே அக்கரை அணியோடு போட்டி என்றால் எங்கள் ஊரில் நேரத்தைப் பின்னாலிருந்துதான் எண்ணுவார்கள். லோஞ்ச் ஐந்துக்கு, இறங்குதுறைக்கு நடை பத்து நிமிடம், அங்கே அடையாள அட்டை பார்க்கக் கொஞ்ச நேரம், இரண்டு பாதியும் முப்பத்தைந்து முப்பத்தைந்து, நடுவில் பத்து. அப்படிப் பார்த்தால் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியே ஆக வேண்டும்.

அம்மாவின் ஊர் சம்பூர். ஆனால் அம்மா ஒருநாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. அந்தப் பக்கம் சந்தைக்குப் போனாலும் சுற்றிப் போகிறவர். போட்டியன்று காலை அப்பாவின் கறுப்புக் காற்சட்டையை மடித்துக் கையில் கொடுக்கும்போது கேட்டார்:

"லோஞ்ச் எத்தினை மணிக்கு?"

"அஞ்சுக்கு."

"மச் மூண்டுக்குத் துடங்குந்தானே?"

"ஓம். நான் பாத்துக்கொள்ளுறன்."

அம்மா விரல் மடித்து ஏதோ எண்ணினார். உதைபந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மாவுக்கு இதென்ன புது அக்கறை என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மூன்று மணிக்கு இரண்டு அணியும் வரிசையில் நின்றன. பிரதம விருந்தினர் வரவில்லை. மூன்றேகாலுக்கும் வரவில்லை. அந்த இடைவெளியில் நாலு மான்கள் வந்து நடுவட்டத்தில் படுத்தன. மான்களை எழுப்பியாயிற்று, விருந்தினரைத்தான் காணவில்லை. அப்பா இரண்டு தரம் விளையாட்டுக் கழகச் செயலாளரிடம் போய் ஏதோ சொன்னார். அவரில்லாமல் துடங்கினா மரியாதை இல்லை என்று செயலாளர் கையை விரித்தார். கடைசியில் மனிதர் வந்து இறங்கி, மாலை போட்டு, ஒவ்வொரு விளையாட்டு வீரரின் கையையும் பிடித்து ஊர் பெயர் விசாரித்து, ஐஸ்பழக்காரருக்கும் தவறுதலாகக் கை கொடுத்து முடிய மூன்றரை. அப்பா தன் மணிக்கூட்டைப் பார்த்த பார்வையில், அந்த விருந்தினர் மட்டும் துறைமுகத் தொழிலாளியாக இருந்திருந்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்திருக்கும்.

முதல் பாதியில் அக்கரை அணி கோல் போட்டது. மெலிந்து வளர்ந்த ஒரு பொடியன், வெறுங்காலோடு அடித்தான். செதில் பறந்தது. இடைவேளையில் லோஞ்ச் ஓட்டுகிற மூதூர்க்காரர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். மேசைக்குப் பக்கத்தில் இருந்ததால் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"அண்ணே, கோவிக்கப்படாது. அஞ்சுக்கு மேல ஒரு நிமிசமும் என்னால ஏலாது. நேவிக்காரன் விடமாட்டான்."

அப்பா தலையாட்டினார்.

இரண்டாவது பாதி முழுக்க எங்கள் அணிதான் அடித்து விளையாடியது. பந்து ஒருமுறை மதிலைத் தாண்டிக் கடலுக்குப் போனது. காற்று அன்றைக்கு வெளிப்பக்கம் வீச, பந்து மிதந்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேர் நீந்திப் போய் எடுத்து வர ஆறு நிமிடம். நான் அழுத்தினேன், எழுதினேன். ஆட்டத்தில் இன்னும் மூன்று நிமிடமும் கடல் தின்ற ஆறு நிமிடமும், ஆக ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்தபோது எங்களுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. சனம் எழுந்து நின்றது. மதிலில் இருந்தவர்கள்கூடக் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். எங்கள் ஆள் பந்தை மூலையில் வைத்து, இரண்டு அடி பின்னுக்குப் போனான்.

அப்பா விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினார். ஆட்டம் முடிந்தது என்று இரண்டு கையையும் காட்டினார்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒருவேளை பொத்தான் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததை இப்போதும் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். சனம் உள்ளே பாய்ந்தது. சைக்கிள்கள் சரிந்தன. கச்சான் தட்டு கவிழ்ந்தது. ஆனால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது அக்கரைப் பொடியன்மார்தான். வென்றவர்கள் துள்ள வேண்டாமா? ஒருவரை ஒருவர் தூக்க வேண்டாமா? அவர்கள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, உடுப்புப் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கிடுகு வேலியைப் பிய்த்து அந்த வழியாகவே ஓடினார்கள். மேசையில் வெள்ளைத் துணிக்குக் கீழே கோப்பை அப்படியே இருந்தது. ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. களவெடுத்தவர்கள்தான் இப்படி ஓடுவார்கள் என்று நான் நினைத்தேன்.

செயலாளர் வந்து அப்பாவின் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். பெண் எடுத்த ஊருக்குப் பக்கம் பார்த்துவிட்டார் என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். இன்னும் மோசமாகவும் கத்தினார்கள். நேரம் முடிந்தது என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார், அதையும் தரையைப் பார்த்துச் சொன்னார். அப்போதுதான் செயலாளருக்கு என் ஞாபகம் வந்தது.

"பிள்ளை, நீ சொல்லு. உன்ர மணிக்கூடு என்ன சொல்லுது?"

அவ்வளவு சனமும் என்னைப் பார்த்தது. எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். எனக்குக் கோபம்தான் இருந்தது. நேரத்தில் பொய் சொல்லக் கூடாது என்று எனக்குப் படிப்பித்த மனிதர், என் கண் முன்னாலேயே பொய் சொல்கிறாரே என்ற கோபம். அதோடு, ஒளிப்பானேன், நான் சரியாக எழுதியிருக்கிறேன் என்ற பெருமையும் இருந்தது. கொப்பியை விரித்துப் பிடித்துச் சத்தமாகச் சொன்னேன்.

"இன்னும் ஒம்பது நிமிசம் இருக்கு."

ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது. அப்பா என்னைப் பார்த்தார். அடிப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் செயலாளர் பக்கம் திரும்பி, "பிள்ளை சொல்லுறதுதான் சரி" என்றார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த விசிலை அவர் பிறகு கேட்கவுமில்லை, அவர்கள் கொடுக்கவுமில்லை. ஆட்டம் செல்லாது, மறுபடி நடத்துவோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அது நடக்கவே இல்லை. சமாதானம் முறிந்து, அக்கரைச் சனம் ஊரை விட்டு ஓடி, அந்த அணியில் யார் எங்கே என்று தெரியாமல் போக அதிக காலம் எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்தேன். அப்பா இறங்குதுறைப் பக்கம் திரும்பினார். அங்கே தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் பொடியன்மார் வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டி ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். கோல் போட்ட மெலிந்தவன் அப்பாவைக் கண்டு கையைத் தூக்கினான். அப்பா கை காட்டவில்லை. அவர் சுட்டுவிரலை மெல்ல அசைத்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். லோஞ்ச் ஊதிவிட்டுக் கிளம்பி, உப்புக் காற்றில் அதன் புகை கலைந்து போகும்வரை நின்றார். எனக்குக் கால் வலித்தது. கள்ளனுக்கு வழியனுப்பு வேறயா என்று மனதுக்குள் பொருமினேன்.

லிங்கநகர் வீட்டுப் படலையில் அம்மா நின்றார். எங்களுக்கு முன்னமே யாரோ செய்தியைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார், சண்டை வரும் என்று காத்திருந்தேன்.

"எல்லாரும் ஏறினவையோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம். எண்ணினனான். பதினேழு பேர்."

அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். அலுமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் அவருடைய படம் செருகியிருக்கும். மாமா ஜேர்மனியில் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஜேர்மனியிலிருந்து ஒரு சொக்லேட்கூட அனுப்பாத மாமா மேல் எனக்கு மதிப்பு இருந்ததில்லை. அப்பா இறந்து முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பின்னேரம்தான் அம்மா எனக்கு அதைச் சொன்னார். நான் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, மாமா அக்கரை அணியில் விளையாட அதே மைதானத்துக்கு வந்தார். அன்றும் அப்பாதான் மத்தியஸ்தர். அன்றும் பந்து கடலுக்குப் போனது. அப்பா பதினொரு நிமிடம் திருப்பிக் கொடுத்தார். ஆட்டம் முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தால் லோஞ்ச் போய்விட்டது. மற்றவர்கள் எங்கெங்கோ ஒதுங்கினார்கள். மாமாவுக்குத்தான் அக்கா வீடு இருக்கிறதே. அப்பா கணக்கு முடித்து வருவதற்கு முன்னமே, லிங்கநகருக்குத் தனியாக நடந்தார். அம்மா அவருக்கும் சேர்த்து உலை வைத்திருந்தார். வழியில் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று ஒருவர் சொன்னார். யார் என்று கேட்டுப் போன இடமெல்லாம் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

"உங்கப்பா சரியாத்தான் ஊதினவர்" என்று அம்மா சொன்னார். "ஒரு நிமிசம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைச் சொல்லித்தான் அந்த மனிசன் உந்த மச் வரைக்கும் எட்டு வருசமாப் படுக்காமக் கிடந்தது."

அந்தப் பின்னேரம் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. கைகால் கழுவிவிட்டு, வழக்கம்போலக் கொப்பியை அப்பாவின் மேசையில் வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். அதில் கொட்டை எழுத்தில் 'ஒன்பது நிமிடம் குறைவு' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். சிவப்புப் பேனையை எடுத்துச் சரி போட்டார். பிழையை ஒத்துக்கொண்டுவிட்டார் என்ற சந்தோசத்தில், அதை அம்மாவுக்குக் காட்டக் குசினிக்கு ஓடினேன்.

அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்திக்கொண்டு அழுதார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மாவின் ஊர்க்காரர் வென்றுவிட்டார்கள், அந்தச் சந்தோசப் புளுகத்தில் அழுகிறார். ஒரு கோப்பைக்காக இப்படியும் ஒரு ஆள் அழுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது வெற்றி இல்லையம்மா. செல்லாதெண்டு சொல்லிப்போட்டினம். கோப்பையும் குடுக்கேல்லை" என்றேன்.

அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டினார். என்னை இழுத்து மடியில் இருத்தி, கொப்பியையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, "பதினேழு பேரும் ஏறினவையாம் பிள்ளை" என்றார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கோப்பையைப் பற்றிச் சொல்கிறேன், அம்மா ஏன் லோஞ்சைப் பற்றிச் சொல்கிறார் என்று யோசித்தபடி, கொப்பி கசங்கிவிடும் என்று மெல்ல அதை உருவி எடுத்துக்கொண்டேன்.